இரண்டு நீலங்களுக்கு நடுவே

செவ்வாய்க்கிழமை, காலை 9.10.

படங்களை இரவல் தரும் டெவென்டர் ஓவிய நூலகத்தின் நிர்வாகி டீமன், மூன்றாம் அடுக்கிலிருந்து ஒரு படச் சட்டத்தை இழுத்து மேசைமேல் வைத்தார். வைத்த கையோடு அவர் முகம் சுருங்கிப்போனது. எதிரே நின்றிருந்த ஒட்டிலி, அருங்காட்சியகத்திலிருந்து வந்திருந்த நிபுணர், உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். ஒரு நிமிடம் கழித்து நிமிர்ந்தார்.

"இது உங்க படம் இல்லை. உங்க படத்தை யாரோ எடுத்துக்கிட்டு, இந்தப் போலியை வச்சிட்டுப் போயிருக்காங்க."

"போலியா?"

"நீலம் பார்த்தீங்களா, பழைய சட்டை மாதிரி வெளுத்துக் கிடக்கு. பென்சில் எண்ணை அழிச்சு எழுதியிருக்கு. எல்லாத்துக்கும் மேல, நடுவுல இருக்கற இடைவெளியே தப்பு."

படம் கார்ஸ்ட் ஓப்மேர் 1978-ல் செய்த ஸ்க்ரீன் பிரிண்ட், ஸ்க்ரீன் என்கிற வலைத்துணிச் சட்டம் வழியாக மை இறக்கி அடிக்கிற அச்சு. பெயர் 'இரண்டு நீலம்'. மேலே ஒரு நீலக் கட்டம், கீழே ஒரு நீலக் கட்டம், நடுவே வெள்ளையாக ஓர் இடைவெளி. அவ்வளவுதான். மொத்தம் நாற்பது தாள் அடித்து, ஒவ்வொன்றின் கீழும் எண் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். உயிரோடிருந்தவரை அவரை யாரும் சீண்டவில்லை. செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது, இப்போது அருங்காட்சியகத்தில் ஏழு அறை நிறைய அவருக்குக் கண்காட்சி. டெவென்டரில் இருந்தவை இரண்டு தாள். நூலகத்தினுடையது 11. நூலகத் தலைவர் எவர்ஹார்ட் டெர்விண்ட் சொந்தமாக வைத்திருப்பது 31. தலைவர் வீட்டுப் படத்தைக் கண்காட்சிக்கு எடுத்துப்போக வந்த ஒட்டிலி, வந்த இடத்தில் நூலகத்துப் படத்தையும் பார்த்துவிடலாமே என்று நுழைந்தார். வினை அப்படித்தான் வெளியே வந்தது.

டீமன் முதலில் தலைவருக்குப் போன் செய்தார். போலீசுக்கு அப்புறம்தான்.

காலை 10.25.

இன்ஸ்பெக்டர் ரென்ஸ்கே சைக்கிளைப் பூட்டிவிட்டு உள்ளே வரும்போதே கோபமாக இருந்தாள். ஆற்றுப் பக்கமிருந்து அடித்த மார்ச் மாதக் காற்று ஒரு காரணம். ஓவியம் என்றாலே அவளுக்கு ஆகாது என்பது இன்னொன்று. ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கண்டால் அதைவிட ஆகாது.

டீமன் ஒரு கோப்பைக் காப்பி கொடுத்தார். டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் எடுத்ததும் டப்பாவை மூடி அலமாரியில் வைத்தார். அந்த ஊர் வழக்கப்படி எல்லாம் சரியாகவே நடந்தது.

"யாரு செஞ்சான்னு எங்களுக்குத் தெரியும்," என்றார் டீமன். "நீங்க வந்து எழுதிக்கிட்டாப் போதும்."

"அப்படியா? அப்போ என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க? பேனா இல்லையா உங்ககிட்ட?"

ரென்ஸ்கே போலீஸ் படிவத்தை விரித்தாள். அதில் காணாமல் போன பொருளுக்கும், கிடைத்த பொருளுக்கும் அளவுகள் எழுதக் கட்டம் கட்டமாக இடம் இருந்தது. அவள் கட்டத்தைக் காலியாக விடுகிற ரகம் இல்லை. இழுப்பறையிலிருந்த ஸ்கேலை வாங்கி அளந்தாள். தாள் உயரம் எழுபது சென்டிமீட்டர். அகலம் ஐம்பது. நீலக் கட்டங்களின் நடுவே இடைவெளி முப்பத்தோரு மில்லிமீட்டர். எண், 11/40.

"உங்க பழைய படத்துல இடைவெளி எவ்வளவு?"

"யாரு அளந்தா? ஆனா சின்னது." டீமன் ஒரு பதிவு அட்டையைக் காட்டினார். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். இடைவெளி நூல் போலத் தெரிந்தது.

"தலைவர் வீட்டுப் படத்துலயும் சின்னதுதான்," என்றார் ஒட்டிலி. "காலையில பார்த்துட்டு வந்தேன். மறுபடி அடிச்சவங்க ரெண்டாவது நீலத்தைத் தப்பான இடத்துல இறக்கிட்டாங்க. அதான் இவ்வளவு அகலம்."

"மறுபடி அடிக்க யாரால முடியும்?"

இரண்டு பேரும் பின்பக்க ஜன்னலைப் பார்த்தார்கள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டறை தெரிந்தது.

"லம்பெர்தா," என்றார் டீமன். "அன்னைக்கு நாற்பது தாளையும் அடிச்சவ அவதான். வியாழக்கிழமைதோறும் இங்க வந்து சட்டம் ரிப்பேர் பண்றா. சாவி இருக்கு. ஸ்க்ரீனும் அவகிட்டத்தான் இருந்திருக்கும். பட்டறை எங்க இடம். இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள காலி பண்ணணும்னு தலைவர் நோட்டீஸ் கொடுத்தாச்சு."

"சாவி வேற யார்கிட்ட?"

"என்கிட்ட. அப்புறம் தலைவர்கிட்ட."

ரென்ஸ்கே சட்டத்தைத் திருப்பினாள். பின்னட்டையைச் சுற்றிப் பளபளவென்று பழுப்பு நிற பிளாஸ்டிக் டேப் ஒட்டியிருந்தது. பார்சல் கட்டுகிற டேப். அதையும் எழுதிக்கொண்டாள்.

காலை 11.20.

பட்டறைக் கதவைத் தட்டியபோது உள்ளேயிருந்து பதில், "மூடியிருக்கு!"

"போலீஸ்."

"போலீசுக்கும் மூடியிருக்கு!"

ரென்ஸ்கே கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். அறுபது வயது தாண்டிய ஒருத்தி, முழங்கை வரை ஆரஞ்சு மை, ஒரு பீர் திருவிழாவுக்குச் சுவரொட்டி அடித்துக்கொண்டிருந்தாள். மை தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்க்வீஜியை ஸ்க்ரீனின் மேல் ஒரே இழுப்பாக இழுத்தாள். தாளை எடுத்தாள். அடுத்த தாளை வைத்தாள். மில்லிமீட்டர் பிசகவில்லை. லம்பெர்தா வந்தவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அஞ்சு மணிக்குக் காலி பண்ணணுமாம். முன்னூறு தாள் பாக்கி இருக்கு. சீக்கிரம் கேளுங்க இன்ஸ்பெக்டரம்மா, இல்லாட்டி நீங்களே நாலு தாள் இழுங்க."

"பதினொண்ணாம் எண் எங்கே?"

"தெரியாது."

"ஸ்க்ரீன் எங்கே?"

"கழுவியாச்சு. நாற்பது அடிச்ச அன்னைக்கே, அந்தாளு ஓப்மேர் பக்கத்துல நின்னு பார்க்கப் பார்க்கக் கழுவினேன். ஒரு பொட்டு நீலம் மிஞ்சக் கூடாதுன்னார்."

"சாட்சி?"

"செத்துட்டார்."

"வசதியாப் போச்சு."

லம்பெர்தா அப்போதுதான் திரும்பினாள். "எனக்கா வசதி? கூறு கெட்டவளே! நான் வாழ்நாள்ல அடிச்சதுல பெருமைப்படற மாதிரி இருக்கறது அந்த நாற்பது தாள்தான். மத்ததெல்லாம் பீருக்கும் பாலாடைக்கட்டிக்கும் சுவரொட்டி. என் கையால அடிச்சதுக்கு நானே போலி செஞ்சேன்னு சொல்றாங்க. அதையாவது என் கண்ணுல காட்டினாங்களா? காலையில அந்த டீமன் தம்பி வாசல்லயே நின்னு, 'உள்ள வராதே, தடயம் கெட்டுடும்'னான். முப்பது வருஷமா அவங்க சட்டத்தை ஒட்டித் தர்றவ நான்."

"நீங்க காட்டச் சொல்லிக் கேட்கலையே?"

"கெஞ்சணுமா? அதுக்கு வேற ஆளைப் பாருங்க."

ரென்ஸ்கேயின் கண் சுவருக்குப் போனது. மூலையில், சூரியன் எட்டாத இடத்தில், ஒரு 'இரண்டு நீலம்' மாட்டியிருந்தது. ஆழமான, கண்ணை இழுக்கிற நீலம். ஆனால் இதில் இடைவெளியே இல்லை. இரண்டு கட்டமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. கீழே பென்சிலில் 0/40, கையெழுத்து.

"இது எப்படி உங்ககிட்ட?"

"அச்சடிச்சவளுக்கு ஒண்ணு. அது வழக்கம்."

"பூஜ்யம்னு ஏன் போட்டிருக்கார்?"

"போய் அவரைக் கேளுங்க. பெரிய கல்லறைத் தோட்டம், இடது பக்கம் மூணாவது வரிசை."

ரென்ஸ்கே பல்லைக் கடித்துக்கொண்டாள். "சட்டத்துக்குப் பின்னால பழுப்பு பிளாஸ்டிக் டேப் ஒட்டுவீங்களா?"

"பிளாஸ்டிக்கா?" லம்பெர்தாவுக்கு உண்மையிலேயே வாந்தி வருவதுபோல முகம் போனது. "தண்ணி தொட்டு ஒட்டற காகித டேப்தான் என் மேசைமேல ஏறும். பிளாஸ்டிக் ஒட்டறவன் செருப்புக் கடை வைக்கலாம். போங்க, மை காயுது."

வெளியே வந்த ரென்ஸ்கேக்கு அந்தக் கிழவியைக் கைது செய்ய வேண்டும் போலவும் இருந்தது, அவள் சொன்னதை நம்ப வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றியது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மதியம் 12.40.

தலைவர் வீடு ஆற்றங்கரைத் தெருவில் இருந்தது. தெற்குப் பார்த்த வீடுகள். எல்லா வீட்டிலும் கூடத்து ஜன்னல் ஆள் உயரம். ஒன்றிலும் திரை மூடவில்லை. உள்ளே சாப்பிடுகிறவர்களும் பேப்பர் படிக்கிறவர்களும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தது போலத் தெரிந்தார்கள். போகிறவர்கள் உள்ளே பார்த்தார்கள், பார்க்காத மாதிரி நடந்தார்கள்.

ரென்ஸ்கே சைக்கிளைச் சாத்தும்போது, தபால்காரர் பெர்டஸ் பையோடு வந்தார்.

"டெர்விண்ட் வீட்டுக்கா மேடம்? பிஸ்கட் தர மாட்டார், இப்பவே சொல்லிட்டேன்."

"ரொம்ப நாளாத் தெரியுமோ?"

"இருபத்திரண்டு வருஷம். இந்தத் தெரு முழுக்க எனக்கு மனப்பாடம். எந்த வீட்டுல என்ன நாற்காலி, எந்த வீட்டுல யாரு யாரோட பேசறதில்லை, எல்லாம்." அவர் தலைவர் வீட்டு ஜன்னலை நோக்கி மோவாயை ஆட்டினார். "அந்தச் சுவர்ல ஒரு படம் இருந்துச்சு, ரெண்டு வாரமாக் காணோம். நாங்க அதைத் தபால் பெட்டின்னு சொல்லுவோம்."

"ஏன்?"

"மேல நீலம், கீழ நீலம், நடுவுல வெள்ளையா ஒரு வாய். கதவுல கடிதம் போடறதுக்கு வாய் வச்சிருப்பாங்களே, அச்சு அசலா அதேதான். எத்தனையோ தடவை ஜன்னல் வழியா ஒரு கடிதத்தைக் காட்டி, 'இதுல போடட்டுமா?'ன்னு சைகை பண்ணியிருக்கேன். மனுஷன் ஒரு தடவைகூடச் சிரிச்சதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க அதைப் பார்த்துத்தான் 'தபால் பெட்டி தாத்தா'ன்னு கூப்பிடும். அதுக்கும் சிரிச்சதில்லை."

பெர்டஸ் மட்டும் சிரித்துக்கொண்டே போனார்.

மதியம் 1.15.

எவர்ஹார்ட் டெர்விண்ட் ஓய்வுபெற்ற வக்கீல். அவர் காப்பி கொடுத்தார். பிஸ்கட் தரவில்லை.

"கைது பண்ணிட்டு வந்திருப்பீங்கன்னு நினைச்சேன்," என்றார்.

"யாரை?"

"ஏம்மா, இதுகூடவா சொல்லணும்? அந்தப் பொம்பளையை. கார்ஸ்ட் இருந்தவரைக்கும் அவருக்குப் பயந்து இருந்தா. அவர் போனதும் ஆரம்பிச்சுட்டா. அவளுக்கு வேலையும் சரியா வராது. அந்த வரிசையில ரெண்டு தாள் ஒரே மாதிரி இருக்காது, அவ்வளவு கோணல்."

"எத்தனை தாள் பார்த்திருக்கீங்க?"

"என்னோடது ஒண்ணு போதும், மத்ததை நான் எதுக்குப் பார்க்கணும்? 1978-ல கார்ஸ்ட் கையால வாங்கினது. கண்காட்சிப் புத்தகத்துல முதல் பக்கமே அதுதான். 'எவர்ஹார்ட் டெர்விண்ட் சேகரிப்பிலிருந்து'ன்னு கீழே போடறாங்க."

ரென்ஸ்கே கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னலுக்கு நேர் எதிரே, சுவர்க்காகிதம் வெயிலில் வெளுத்து வைக்கோல் நிறமாகியிருந்தது. நடுவில் ஒரு நீள்சதுரம் மட்டும் பழைய கரும்பச்சையாகவே இருந்தது.

"படம் இங்கதான் இருந்துச்சா?"

"வாங்கின நாள்லேர்ந்து. ரெண்டு வாரத்துக்கு முன்னால பின் அறைக்கு மாத்திட்டேன். வெளிச்சம் படக் கூடாதுன்னு அருங்காட்சியகத்துல எழுதியிருந்தாங்க."

பின் அறையில் படம் தனியாக ஒரு விளக்கின் கீழ் தொங்கியது. 31/40. நேற்று அடித்தது போல நீலம் பளிச்சென்றிருந்தது. ரென்ஸ்கே ஸ்கேலை எடுத்ததும் அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"தொடாதீங்க. எண்ணெய்க் கை."

அவள் தொடவில்லை. கண்ணாடியில் படாமல் சுண்டுவிரலை இடைவெளிக்கு நேராகக் குறுக்கே பிடித்தாள். விரல் இடைவெளியைச் சரியாக மறைத்தது.

"தெருவுல போறவங்க இந்தப் படத்துக்கு ஒரு பேர் வச்சிருக்காங்களாமே?"

எவர்ஹார்டின் காது மடல் சிவந்தது. "தெருவுல போறவனுக்கு என்ன தெரியும்? முப்பது வருஷம் பார்த்தாலும் அவனுங்களுக்குக் கண்ணு கிடையாது. நீங்க போகலாம். மூன்றரை மணிக்கு வண்டி வந்து படத்தை எடுத்துக்கிட்டு நூலகத்துக்குப் போகுது. நாலு மணிக்கு நானும் அங்க வருவேன். அதுக்குள்ள அவ கையில விலங்கு இருக்கணும்."

மதியம் 2.30.

ஆற்றோரப் பெஞ்சில் உட்கார்ந்து ரென்ஸ்கே தன் ரொட்டியைப் பிரித்தாள். இரண்டு துண்டு ரொட்டி, நடுவே ஒரு துண்டு பாலாடைக்கட்டி, வேறொன்றும் இல்லை. தின்றபடியே எதிர் வீட்டுக் கதவைப் பார்த்தாள். கதவின் நடுவில் பித்தளையில் தபால் வாய். அதற்குள் ஒரு செய்தித்தாள் சுருட்டிச் செருகியிருந்தது.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். எழுந்து போய், தபால் வாயின் முன்னால் சுண்டுவிரலைக் குறுக்கே பிடித்தாள். விரலுக்கு மேலேயும் கீழேயும் வாய் தாராளமாகத் தெரிந்தது. மூன்று விரல் வைத்தால்தான் மூடியது. வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக அவளை முறைத்தார். அவளும் முறைத்தாள்.

பிறகு நோட்டைத் திறந்து தன் கையெழுத்தையே படித்தாள். படித்ததை மறுபடி படித்தாள். பாதி ரொட்டியைப் பைக்குள் திணித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தாள்.

மாலை 3.05.

லம்பெர்தா கிட்டத்தட்ட முடித்திருந்தாள். சுவரொட்டிகள் கயிறு கயிறாகத் தொங்கின. அட்டைப் பெட்டிகள் திறந்து கிடந்தன. சுவரிலிருந்த அவளுடைய படத்தையும் கழற்றி ஒரு போர்வையில் பாதி சுற்றியிருந்தாள். அதைப் பார்த்ததும் ரென்ஸ்கேக்கு, காலையில் இந்தக் கிழவியிடம் 'வசதியாப் போச்சு' என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

"விலங்கு கொண்டு வந்தீங்களா?" என்றாள் லம்பெர்தா.

"ஒரு கேள்வி கொண்டு வந்தேன்."

ரென்ஸ்கே கேட்டாள். ஒரே கேள்விதான். லம்பெர்தா கையிலிருந்த ஸ்க்வீஜியை மெதுவாகக் கீழே வைத்தாள். மைபடிந்த கையாலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். நெற்றியில் ஆரஞ்சுக் கோடு விழுந்தது.

"'யாராவது கேட்டா சொல்லு. கேக்காதவனுக்குச் சொல்லாதே'ன்னார் அந்தாளு," என்றாள். "முப்பது வருஷமா ஒருத்தனும் கேக்கலை."

மாலை 4.00.

நூலகத்து மேசைமேல் இப்போது இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. வெளுத்த 11. பளிச்சென்ற 31. ஒரு பக்கம் எவர்ஹார்ட்டும் டீமனும், இன்னொரு பக்கம் ஒட்டிலி. கடைசியாக ரென்ஸ்கே லம்பெர்தாவை அழைத்துக்கொண்டு நுழைந்தாள்.

"இவ எதுக்கு இங்க?" என்றார் எவர்ஹார்ட்.

"நான் கூப்பிட்டேன்," என்றாள் ரென்ஸ்கே. "நீங்க எல்லாரும் போலி போலின்னு சொன்ன படத்தை, அச்சடிச்சவங்க இன்னும் பார்க்கலை. பாருங்கம்மா."

லம்பெர்தா மேசைமேல் குனிந்தாள். வெளுத்த தாளை நெடுநேரம் பார்த்தாள். யாரையோ ஆஸ்பத்திரியில் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இது போலி இல்லை. என் கை அடிச்சதுதான். ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்காங்க இதை!"

"அப்படித்தானே சொல்லுவா," என்றார் எவர்ஹார்ட்.

"சரி, அவங்க சொல்ல வேண்டாம். நான் சொல்றேன்." ரென்ஸ்கே நோட்டை விரித்தாள். "இந்த வெளுத்த படத்துல எண் பதினொண்ணு. இடைவெளி முப்பத்தோரு மில்லிமீட்டர். தப்பா அடிச்சதாலதான் இவ்வளவு அகலம்னு ஒட்டிலி அம்மா சொன்னாங்க. நானும் நம்பினேன். இந்தப் படத்துல எண் முப்பத்தொண்ணு. இடைவெளி..." ஸ்கேலை எடுத்து வைத்தாள். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. "ஒட்டிலி அம்மா, நீங்களே படிங்க."

ஒட்டிலி குனிந்தார். "பதினொண்ணு."

டீமன் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லம்பெர்தா அம்மா பட்டறைப் படத்துல எண் பூஜ்யம். இடைவெளியும் பூஜ்யம், ரெண்டு கட்டமும் முட்டிக்கிட்டிருக்கு. அதனால நான் அவங்ககிட்டக் கேட்டேன், தாளோட எண்ணும் இடைவெளியும் ஒண்ணுதானான்னு."

"ஒண்ணுதான்," என்றாள் லம்பெர்தா. "ஒவ்வொரு தாளுக்கும் ரெண்டாவது நீலத்தை ஒரு மில்லிமீட்டர் கீழ இறக்கணும். நாற்பது தடவை. அந்தாளு பக்கத்துல நின்னு எண்ணினார். 'வாங்கறவன் எவனும் அளக்க மாட்டான், பாரு'ன்னு சொல்லிச் சிரிச்சார். அவர் சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்."

"கட்டுக்கதை!" எவர்ஹார்ட் மேசையைத் தட்டினார். "குத்தம் சாட்டப்பட்டவ சொல்றதை வச்சு வழக்கா? எந்தக் கோர்ட்ல நிக்கும் இது?"

"நிக்க வைக்கலாம். ஒட்டிலி அம்மா, உங்க அருங்காட்சியகத்துல இந்த வரிசையில ஒரு தாள் இருக்கா?"

"இருக்கு. பத்தொன்பது."

"போன் பண்ணுங்க. ஸ்கேலோட யாரையாவது போகச் சொல்லுங்க. என்ன எதுக்குன்னு சொல்லாதீங்க."

ஒட்டிலி போன் செய்தார். மறுமுனையில் யாரோ நடந்துபோகிற சத்தம், கதவு திறக்கிற சத்தம். லம்பெர்தா இரண்டு கையையும் ஏப்ரனில் சுருட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய பெயரும் பட்டறையும் அந்தப் போனின் மறுமுனையில், முகம் தெரியாத ஒருவர் கையிலிருந்த ஸ்கேலில் தொங்கின. டீமன் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பத்து. நாலு பன்னிரண்டு.

ஒட்டிலி போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"பத்தொன்பது மில்லிமீட்டர்."

ரென்ஸ்கே எவர்ஹார்ட் பக்கம் திரும்பினாள்.

"அப்போ இங்க போலியே கிடையாது. ரெண்டும் அசல். இடம் மட்டும் மாறியிருக்கு. இந்த வெளுத்துப் போனதுதான் உங்க முப்பத்தொண்ணு. முப்பது வருஷம் தெற்கு வெயில்ல நின்னது. உங்க வீட்டுச் சுவர்க்காகிதமே வைக்கோலாப் போயிருக்கு, படம் மட்டும் எப்படிப் புதுசா இருக்கும்? கண்காட்சிக்குக் கேட்டு அருங்காட்சியகத்துலேர்ந்து கடிதம் வந்ததும், உங்க சாவியால நூலகத்தைத் திறந்தீங்க. ரெண்டு தாளையும் மாத்திப் போட்டீங்க. மூணை அழிச்சு ஒண்ணு, ஒண்ணை அழிச்சு மூணு. ரெண்டு இடத்துலயும் முதல் இலக்கம் ஒண்ணுதான் வேலை."

"நிரூபணம்?"

"நூலகத்துச் சட்டத்துக்குப் பின்னால பார்சல் டேப் ஒட்டியிருக்கு. உங்க சட்டத்தைத் திருப்பிப் பார்க்கலாமா?"

டீமன் தானாகவே திருப்பினார். அதே பளபளப்பான பழுப்பு டேப். லம்பெர்தா 'ச்சே' என்றாள்.

"ரெண்டு தாள் ஒரே மாதிரி இருக்காதுன்னு நீங்களே சொன்னீங்க," என்றாள் ரென்ஸ்கே. "உங்களோடதைத் தவிர வேற பார்த்ததில்லைன்னும் சொன்னீங்க. மாத்தும்போது இடைவெளி வித்தியாசத்தைப் பார்த்திருக்கீங்க. அச்சடிச்சவங்க கோணல்னு நினைச்சுக்கிட்டீங்க. வேற எவன் கவனிக்கப் போறான்னு விட்டுட்டீங்க. ஆனா தெரு கவனிச்சுது. தபால்காரர் இருபத்திரண்டு வருஷமா அதுல கடிதம் போடட்டுமான்னு கேட்டிருக்கார். முப்பத்தோரு மில்லிமீட்டர்னா அது தபால் பெட்டி. பதினோரு மில்லிமீட்டர்ல என் சுண்டுவிரல்தான் போகும். தபால் பெட்டின்னு யாருக்கும் தோணாது."

எவர்ஹார்ட் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"முதல் பக்கம்னாங்க," என்றார் கடைசியில். "என் பேரைப் போட்டு. துவைச்சுப் போட்ட துணி மாதிரி இருக்கறதை எப்படிக் கொடுக்கறது? வெயில்ல படத்தைக் கெடுத்தவங்களை எத்தனை கூட்டத்துல நானே திட்டியிருக்கேன்."

"திரையை மூடியிருக்கலாமே," என்றாள் லம்பெர்தா. "ரெண்டு முழம் துணி. என் நீலம் பொழைச்சிருக்கும்."

"அந்தத் தெருவுலயா? திரையை மூடினா, உள்ள என்னத்தை மறைக்கறான்னு கேக்க மாட்டாங்களா?"

"இப்போ கேப்பாங்க," என்றாள் ரென்ஸ்கே. "வாங்க, போலாம்."

மாலை 4.40.

எவர்ஹார்டை அழைத்துப்போகக் கார் வந்தது. அதில் அவரை ஏற்றிவிட்டு ரென்ஸ்கே படிவத்தை முடிக்கத் திரும்பி வந்தாள். கீழே ஒரு கட்டம் பாக்கி இருந்தது: பொருள் அசல் என்று உறுதி செய்பவர் பெயர். ஒட்டிலி பேனாவை எடுத்தார். என்ன நினைத்தாரோ, பேனாவைத் திருப்பி லம்பெர்தாவிடம் நீட்டினார்.

லம்பெர்தா வாங்கவில்லை. டீமனைப் பார்த்தாள். "நோட்டீஸ்."

டீமன் சட்டைப் பையிலிருந்து நோட்டீசின் நகலை எடுத்து நான்காகக் கிழித்தார். அவள் கையை நீட்டினாள். கிழித்த துண்டுகளை எண்ணி வாங்கி ஏப்ரனில் போட்டுக்கொண்டாள். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். படிவத்தில் ஆரஞ்சு ரேகை பதிந்தது.

"ஆனாலும் சொல்றேன் இன்ஸ்பெக்டரம்மா," என்றாள். "முப்பது வருஷத்துல அளந்து பார்த்த ஒரே ஆள் நீங்க. பார்த்ததும் புரிஞ்சுதா, என்ன?"

"படிவத்துல கட்டம் காலியா இருந்துச்சு. அதான் அளந்தேன். எனக்கு ஓவியம் பிடிக்காது."

லம்பெர்தா சத்தமாகச் சிரித்தாள். "அந்தாளுக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கும்."

டீமன் காப்பி கொண்டுவந்தார். தலையைக் குனிந்தபடி, பிஸ்கட் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் நீட்டினார். மன்னிப்பு என்று வாய் திறந்து சொல்ல அவருக்கு வரவில்லை. லம்பெர்தா ஒன்று எடுத்தாள். வழக்கப்படி அவர் டப்பாவை மூடப்போனார். மூடியை மைபடிந்த விரலால் தடுத்து நிறுத்தி, அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு, அவள் இரண்டாவதையும் எடுத்தாள்.